ராயரின் இரண்டு உடைகள்

ஊத்துக்கோட்டைக் கல்யாண மண்டபங்களில் மாலை ரிசப்ஷனுக்கு மாப்பிள்ளை ஷெர்வானியில் நிற்பார். விடிந்தால் முகூர்த்தம், பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் பிள்ளை ஆனாலும், ஆரணியாற்றங்கரை விவசாயி வீட்டுப் பிள்ளை ஆனாலும், இந்த வரிசை அநேகமாக மாறுவதில்லை. ‘ஷெர்வானி நம்ம உடுப்பா என்ன?’ என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் உண்டு. எனக்கு அந்தக் குறை இல்லை. சபைக்குத் தைத்த அங்கி, சாமிக்கு முன்னால் தைக்காத துணி என்ற இந்தப் பிரிவு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பக்கத்தை ஆண்ட அரசரிடம் இருந்தது.

எங்கள் ஊரைத் தாண்டி, சுருட்டப்பள்ளி வழியாகத் திருப்பதி சாலையில் போனால் நாகலாபுரம் வரும். அங்குள்ள வேதநாராயணர் கோயில், கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாதேவியின் நினைவாக எழுப்பியது. ராயர் எப்படி உடுத்தினார் என்று பார்க்க இன்னும் மேலே, திருமலைக்கே போகவேண்டும். மகாதுவாரத்தைக் கடந்ததும் உள்ள மண்டபத்தில், தம் அரசியரான திருமலாதேவிக்கும் சின்னாதேவிக்கும் நடுவில் கைகூப்பிச் சிலையாக நிற்கிறார். வரிசையில் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் பலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நின்று பார்க்கவேண்டிய சிலைகள் அவை. மார்பில் துணி இல்லை. இடுப்பில் வேட்டி. உலோகத்திலேயே துணியின் மடிப்பையும் கோலத்தையும் காட்டியிருக்கிறான் சிற்பி. தலையில் மட்டும் உயர்ந்த, கூம்பு போன்ற தொப்பி. அதன் பெயர் குல்லாயி.

அதே அரசர் சபையில் வேறு ஆள். 1520 வாக்கில் விஜயநகரத்தில் இருந்த போர்த்துகீசியர் தொமிங்கோ பாயஸ், ராயரைப் பார்த்ததை எழுதிவைத்திருக்கிறார். வெள்ளை உடை, அதில் பொன் வேலைப்பாட்டில் ரோஜாப் பூக்கள், கழுத்தில் வைர மாலை, தலையில் சரிகைத் தொப்பி. கால் மட்டும் வெறுங்கால்; அரசர் இருக்கும் இடத்தில் வேறு யாருக்கும் செருப்பு கிடையாது என்பதையும் சொல்கிறார். பேரரசே கையில் இருந்தவர் தேர்ந்தெடுத்த நிறம் வெள்ளை என்பதை நினைத்து நினைத்து ரசிக்கலாம். அவருக்கும் முன்னால், 1443-இல் பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் பார்த்த விஜயநகர அரசர் இரண்டாம் தேவராயரும் பட்டு அங்கியும் முத்து மாலையுமாகவே இருந்தார்.

இந்த நீள அங்கிக்குக் கபாயி என்று பெயர். அங்கியும் குல்லாயியும் பாரசீக, அரபு அரசவைகளின் வழக்கம். பாமினி சுல்தான்களோடு சண்டையும் உறவுமாக இருந்த விஜயநகரம் அதைத் தன் சபை உடையாக்கிக்கொண்டது. வரலாற்றாசிரியர் பிலிப் வேகனர் 1996-இல் எழுதிய கட்டுரையில் இதை விரிவாகக் காட்டினார். மதம் மாறாமல் உடை மாறியது. கோயிலுக்குள் வந்ததும் அங்கி கழன்றது.

கபாயியின் அழகு தெரியவேண்டுமானால் லேபாட்சிக்குப் போகவேண்டும். ராயருக்கு அடுத்து ஆண்ட அச்சுதராயர் காலத்தில் அவருடைய அதிகாரி விருபண்ணா எடுப்பித்த வீரபத்திரர் கோயிலின் விதான ஓவியங்களில் சபைக்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அவர்கள் அணிந்திருக்கும் வெள்ளை அங்கி உடம்பு தெரியும் அளவுக்கு மெல்லியது. காவிச் சிவப்புப் பின்னணியில் அந்த வெள்ளை எப்படி நிற்கிறது! பெண்களின் சேலைகளோ கோடு, கட்டம், பூ என்று ஒன்றைப்போல் ஒன்றில்லை. கரை அகலமானது, உடலின் கோலத்தோடு மோதாமல் தனித்து நிற்கும். இந்தச் சேலைகளைப் பார்த்து இன்றும் நெசவிலும் அச்சிலும் கோலம் எடுக்கிறார்கள். லேபாட்சி என்ற பெயரிலேயே விற்கும் சேலைகளில் பாதிக்கு நான் மயங்குவதில்லை. கோலம் அப்படியே வந்திருக்கும். கரைக்கும் உடலுக்கும் இடையே விதானத்தில் இருந்த அளவு வந்திருக்காது. அந்த அளவைப் பிடித்த சேலையைக் கட்டிப் பார்த்தால், கொசுவம் விழும்போதே வித்தியாசம் தெரியும்.

ஷெர்வானி கபாயியின் நேர் வாரிசு அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் முகலாய அங்கியும் ஆங்கிலேயரின் நீளக் கோட்டும் கலந்து உருவான உடுப்பு அது. வடக்கிலும் ஐதராபாத்திலும் பிரபுக்கள் அணிந்தார்கள். காலரும் பொத்தானும் அந்த வழியில் வந்தவை. ஆனால் வாடகைக்குக் கிடைக்கும் ஷெர்வானிகள் பலவற்றில் பாலியஸ்டர் துணி, ஒட்டின கல், உள்ளே கனத்த லைனிங். சித்திரை வெயிலில் மாப்பிள்ளை வியர்த்து வழிகிறார். அரச உடை என்றாலே கனமும் மினுக்கும் என்று யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். ராயரின் வெள்ளைக்கும் லேபாட்சி அங்கியின் மென்மைக்கும் அது நேர் எதிர்.

அந்த மென்மைக்கான துணிக்கு எங்கும் அலையவேண்டாம். வடக்கே வெங்கடகிரியில், வெலுகோட்டி ஜமீன் ஆதரித்து வளர்த்த நெசவு இன்னும் இருக்கிறது. மெல்லிய பருத்தி நூல், ஜம்தானி முறையில் கையால் கோத்த பூ. பெரும்பாலும் சேலையாகவே நெய்கிறார்கள். என் வீட்டுப் பிள்ளைக்கு ரிசப்ஷன் உடுப்பு என்றால், அந்தத் துணியில் முழங்காலுக்குக் கீழே இறங்கும் வெள்ளை அங்கி ஒன்று தைக்கச் சொல்வேன். லைனிங் தோளுக்கும் மார்புக்கும் மட்டும். கை நீளம், மணிக்கட்டில் இறுக்கம். பொன் சரிகைப் பூக்கள் அள்ளித் தெளித்தாற்போல் வேண்டாம், இடைவெளி விட்டு வரட்டும். கல் ஒன்றுகூட வேண்டாம்.