அறக்கல்வி: மனனமும் கேள்வியும்

1997 இல் நோர்வே அரசு, கிறிஸ்தவத்தை மையமாகக் கொண்ட சமய, வாழ்க்கைநோக்குப் பாடமொன்றைப் பாடசாலைகளில் கட்டாயமாக்கியது. 1974 முதல் இருந்த மாற்றுப் பாடம் கைவிடப்பட்டது. பெற்றோர் பகுதி விலக்கு மட்டுமே கோரலாம். பிள்ளை பிரார்த்தனையில் பங்குபற்றாதிருக்கலாம். ஆனால் பிரார்த்தனையைப் 'பற்றி' அறிந்தேயாக வேண்டும். அறிவு வேறு, பங்குபற்றல் வேறு என்பது அரசின் தர்க்கம்.

2007 யூன் 29 இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், 9க்கு 8 வாக்குகளால், இது பெற்றோரின் உரிமையை மீறுவதாகத் தீர்ப்பளித்தது. கிறிஸ்தவத்துக்குக் கூடுதல் இடம் கொடுத்தது மட்டுமே குற்றமாகக் காணப்படவில்லை. ஏனைய நோக்குகள் சமதரத்தில் கற்பிக்கப்படாததும், விலக்குக் கோருவோர் தம் அந்தரங்க நம்பிக்கையை வெளியிட நேர்வதும் கணக்கிலெடுக்கப்பட்டன.

பெருந்தெருவோரம் 2011 இல் திறக்கப்பட்ட பள்ளிவாசலைக் கொண்ட புருசெத்தில் வாழும் எமக்கு, இத்தீர்ப்பைக் காட்டி நோர்வேயை விமர்சிப்பது எளிது. ஒருகாலத்தில் மெய்யியல் விரிவுரையாளனாயிருந்து, இன்று தொழிற்சாலையில் வேலைசெய்யும் நான், அதே அளவுகோலை எம்மீதும் வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

இலங்கையில் பிள்ளை பிறந்த சமயமே அதன் சமயபாடம். புகலிடத்தில் எமது அறக்கல்வி பெரும்பாலும் குறள் மனனப் போட்டியாகச் சுருங்கியுள்ளது. முதலில் மனனம், விளக்கம் பிறகு வரும் என்பார்கள். பழக்கத்தால்தான் அறம் உருவாகிறது என்று அரிஸ்டோட்டிலையும் துணைக்கு அழைக்கலாம். ஆனால் அவர் சொன்னது செயலின் பழக்கத்தை: நீதியான செயல்களைச் செய்தே ஒருவர் நீதிமானாகிறார். மனனம் வெறும் நாவின் பழக்கம்.

இவ்வேறுபாடு ஏட்டுச் சர்ச்சையல்ல. 'நடுவு நிலைமை' அதிகாரத்தை ஒப்புவித்து வளர்ந்த சமூகம்தான், 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணிநேர அவகாசத்தில் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது பெரும்பாலும் மௌனமாயிருந்தது. அங்கு அச்சம் இருந்தது. துப்பாக்கியின் முன் நின்றவர்களை இங்கிருந்து தீர்ப்பிட நான் வரவில்லை. ஆனால் துப்பாக்கி இல்லாத ஒஸ்லோவில் அந்த ஒக்ரோபரைப் பிள்ளைகளிடமிருந்து மறைப்பதற்கு எந்த அச்சம் காரணம்?

குறளைக் கைவிடச் சொல்லவில்லை. அந்த அதிகாரத்தைப் படிப்பிக்கும் நாளில் அச்சம்பவத்தையும் வகுப்பின் முன் வைப்போம். வெளியேற்றியவர், வெளியேற்றப்பட்டவர், பார்த்திருந்தவர் என மூவர் தரப்பிலிருந்தும் பிள்ளைகள் கேட்கட்டும். எம்மிடம் பதில் இல்லாத கேள்விகளும் வரும். அவற்றுக்கு இடமளிக்காத வகுப்பில் நாம் படிப்பிப்பது மொழியை, அறத்தையல்ல. மாற்றுக் கருத்துள்ளோர் எழுதவேண்டும்.