‘ஜகாட்’ என்னும் சொல்லும் மாணவர் மனநோவும்

தீமையைக் குறிக்கும் ‘ஜஹாட்’ என்ற மலாய்ச் சொல் மலேசியத் தமிழர் நாவில் ‘ஜகாட்’ எனத் திரிந்தது. அடங்காப் பிள்ளையை வையும் சொல் அது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015-இல் வெளிவந்த ‘ஜகாட்’ திரைப்படம் அச்சொல்லையே தலைப்பாகக் கொண்டு, அதன் பொருளை நம்மிடமே திருப்பிக் கேட்கிறது.

கதை 1990-களின் தொடக்கத்தில் நிகழ்வது. தோட்டத்தை விட்டுப் பெயர்ந்து புறம்போக்குக் குடியிருப்பில் ஒதுங்கிய குடும்பம் ஒன்று. அதில் அப்போய் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன். கற்பனையும் குறும்பும் மிக்கவன். படிப்பொன்றே மீட்சி எனக் கருதும் தந்தை மணியம் கண்டிப்பால் அவனைத் திருத்த முயல்கிறார். தந்தையைக் கொடியவராகக் காட்டாமை இப்படத்தின் சிறப்பு. அவர் கோபத்தின் அடியில் இருப்பது அச்சமே அன்றோ?

ஆயினும், படம் சிறுவனோடு நின்றுவிடுகிறது. அவனே பதினெட்டு வயதில் கல்லூரி வாயிலில் நின்றால் யாது நிகழும்? இது நாம் தொடர வேண்டிய வினா.

நெகிரி செம்பிலானில் இவ்வினா வெறுங்கற்பனை அன்று. சிரம்பான், நீலாய் வட்டாரங்களில் தோட்ட நிலங்கள் பல வீட்டுமனைகளாயின. பால்மரம் நின்ற இடங்களைச் செம்பனை கொண்டது. நாட்டில் 2001-இல் தொடங்கப்பெற்ற சமூகக் கல்லூரிகள் இம்மாநிலத்தில் ஜெலுபு, ஜெம்போல், ரெம்பாவ் ஆகிய இடங்களில் உள்ளன. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, மலாய்மொழி இடைநிலைப்பள்ளியைக் கடந்து, கைத்தொழில் கற்க அங்கு வரும் மாணவன் சில நாள் வகுப்புக்கு வாரான், கேட்டால் வாய் திறவான், சட்டெனச் சினப்பான். இவற்றைச் சோம்பல் என்றும் திமிர் என்றும் நாம் எளிதில் முடிவு கட்டுகிறோம். மனச்சோர்வின் குறிகளாகவும் இவை இருத்தல் கூடும். 13 முதல் 17 வயது வரையுள்ள பள்ளி மாணவருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர்க்கு அக்குறிகள் உண்டென 2022-ஆம் ஆண்டுத் தேசிய நலவாய்வு காட்டிற்று.

நோவைக் குற்றமெனப் பெயரிடும் பழக்கம் வீட்டோடு நின்றதன்று, சட்டத்திலும் இருந்தது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைத் தண்டிக்க இடந்தந்த தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவை 2023-இல்தான் நாடாளுமன்றம் நீக்கியது. சட்டம் திருந்திவிட்டது. நம் நாக்கு திருந்திற்றா?

கல்லூரியில் ஆலோசகர் அறை ஒன்று இருந்தால் போதும் என்பர் சிலர். ‘ஜகாட்’ என்றே வளர்க்கப்பட்டவனுக்கு, ‘ஆலோசகரைப் போய்ப் பார்’ என்னும் சொல்லும் தண்டனையாகவே ஒலிக்கும் என்பதை இவர்கள் எண்ணுவதில்லை. பட்டறையில் நாள்தோறும் அவனைக் காணும் பயிற்றுநரே முதலில் தனியே அழைத்து, ‘என்னப்பா, சாப்பிட்டாயா, தூங்கினாயா?’ என வினவுதல் வேண்டும். தேர்வு எழுதும் மொழியில் அழுகையைச் சொல்ல வராது. ஆதலின் தமிழறிந்த ஒருவர் துணையும் வேண்டும். உயிர்க்கு ஊறு நேருமென்ற நிலையிலன்றி, அவன் இசைவின்றித் தந்தைக்குச் செய்தி அனுப்புதல் தகாது. சுகாதார அமைச்சின் 15555 என்னும் தொலைபேசி எண்ணைப் பட்டறைச் சுவரிலேயே எழுதி வைக்கலாம்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். படத்தைப் பார்த்து அப்போய்க்காகக் கண் கலங்கினோம். வீடு திரும்பியதும் நம் பிள்ளையை எச்சொல்லால் அழைத்தோம் என்பதே அப்படத்திற்கு நாம் எழுதும் திறனாய்வு.