வாசலிலேயே முடிந்துவிடும் நேர்முகத் தேர்வு

நேர்முகத் தேர்வுக்குத் தயாராவது எப்படி என்று சொல்லும் புத்தகங்கள் நம் கடைகளில் ஏராளம். நாளிதழ்களின் வேலைவாய்ப்புப் பக்கங்களிலும் கல்லூரிப் பயிற்சி வகுப்புகளிலும் அதே அறிவுரைகள்தான். பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். சலவை செய்த உடை உடுத்துங்கள். கண்ணைப் பார்த்துப் பேசுங்கள். சம்பளத்தைப் பற்றி முதலில் நீங்களாகக் கேட்காதீர்கள். சிரித்த முகமாக இருங்கள். இவற்றில் பாதி நல்ல யோசனைகள். முதன்முறை வேலை கேட்டுப் போகிறவளின் பதற்றத்தை அவை கொஞ்சம் குறைக்கும். ஆனால் இவை யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை?

இந்தப் புத்தகங்களின் வாசகருக்கு ஓர் அறை கிடைக்கிறது. ஒரு மேசை, எதிரே மூன்று பேர், "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற முதல் கேள்வி. துணிக்கடையிலோ, சூப்பர் மார்க்கெட் பில் கவுண்டரிலோ, தொழிற்சாலையின் அசெம்பிளி லைனிலோ வேலை தேடும் பெண்ணுக்குப் பல நேரங்களில் அந்த அறையே கிடைப்பதில்லை. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியோ ஆள் சேர்த்துவிடும் ஏஜென்டோ அவளிடம் கேட்கும் முதல் கேள்வி வேறு: "கல்யாணம் ஆயிடுச்சா?"

ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலை, அசெம்பிளி வேலைக்குத் திருமணமான பெண்களைத் தவிர்த்துவந்ததாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. விளம்பரம் பார்த்து நேர்காணலுக்குப் போன இரு சகோதரிகளை வாசலில் இருந்த காவலர் இந்த ஒரு கேள்வியைக் கேட்டே திருப்பி அனுப்பியதாக அதில் இருந்தது. நிறுவனம் பாகுபாட்டை மறுத்தது. புதிதாக எடுத்த பெண்களில் ஏறத்தாழ 25 சதவீதம் பேர் திருமணமானவர்கள் என்றது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. ஆளெடுப்பில் பெண்ணுக்குப் பாகுபாடு கூடாது என்று சொன்ன 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தின் 5ஆம் பிரிவை அமைச்சகமே சுட்டிக்காட்டியது. சட்டம் வந்து 48 ஆண்டுகள் ஆன பிறகு நடந்தது இது. அந்தச் சகோதரிகள் எவ்வளவு பயிற்சி எடுத்துக்கொண்டு போயிருந்தாலும் அதைக் காட்ட அவர்களுக்கு வாய்ப்பே இருந்திருக்காது.

நானும் இறுதியாண்டு மாணவிகளுக்கு இத்தகைய வகுப்பு எடுத்திருக்கிறேன். இரண்டாம் ஆண்டிலேயே திருமணமாகிவிட்ட ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "மிஸ், தாலியக் கழட்டி வெச்சிட்டுப் போகலாமா?" என் கையில் இருந்த கையேட்டில் இதற்கு ஒரு மாதிரி விடை இருந்தது. என் குடும்பப் பொறுப்புகள் வேலையை எந்த வகையிலும் பாதிக்காது என்று புன்னகையுடன் உறுதி சொல்ல வேண்டும். வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டாள். "அத என் வீட்டுக்காரரும் மாமியாரும்தான மிஸ் சொல்லணும்?"

அந்தக் கையேட்டுக்கு இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் கேட்டதில்லை. மாதிரி விடையைச் சொல்லும் பெண், தன் கையில் இல்லாத ஒரு குடும்பத்துக்குத் தானே ஜாமீன் கையெழுத்துப் போடுகிறாள். அதே கையேட்டில் ஆணுக்கு இந்தக் கேள்வியும் இல்லை, விடையும் இல்லை. அவன் குழந்தையை யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்பது எழுதாமலே புரிந்துகொள்ளப்பட்ட விஷயம்.

1991இல் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், படிவத்தில் பொய்த் தகவல் தந்தார் என்று நீக்கப்பட்டார். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, எத்தனை முறை கருத்தரித்தீர்கள் என்றெல்லாம் கேட்ட படிவம் அது. அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கவும், அந்தக் கேள்விகளைப் படிவத்திலிருந்து நீக்கவும் நீதிமன்றம் சொன்னது. தவறு அந்தப் பெண்ணின் பதிலில் அல்ல, கேள்வியில்தான் இருக்கிறது என்று அது கண்டது. நம் கையேடுகள் இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை. எந்தக் கேள்வியையும் நியாயமானது என்று ஏற்றுக்கொண்டு, பெண்ணின் பதிலை மட்டுமே அவை திருத்திக்கொண்டிருக்கின்றன.

படிவத்தில் அச்சடித்த கேள்வியையாவது அழிக்கச் சொல்லலாம். கேட்டில் வாய்மொழியாகக் கேட்டதற்குச் சாட்சி ஏது? "பதில் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வா என்று அறிவுரை சொல்வதும் எளிது. வீட்டு வாடகை கட்ட வேண்டியவள் அவள், நான் இல்லை. தாலியைப் பையில் வைத்துக்கொண்டு போகிறவளை என்னால் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் தயாரிப்பை வேறு மாதிரி யோசிக்கலாம். தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராகப் போகலாம். விளம்பரத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம்; யார், என்று, என்ன கேட்டார்கள் என்று எழுதி வைக்கலாம். ஷிப்ட் முடிந்து வெளியே வரும் பெண்களிடம் முன்கூட்டியே பேசலாம். பிடித்தம் போகக் கையில் எவ்வளவு வரும்? பிஎஃப், இஎஸ்ஐ உண்டா? கழிப்பறைக்குப் போக விடுகிறார்களா? உட்கார நாற்காலி இருக்கிறதா? கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தமே வந்திருக்கிறது. அதை அறிந்து போகிறவள், நாற்காலி கேட்பதைச் சலுகை கேட்பதாக நினைக்க மாட்டாள்.

அன்று நான் செய்யத் தவறியது ஒன்று உண்டு. அந்த மாணவி உட்கார்ந்ததும் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டேன். கையேட்டை மூடிவிட்டு, "வேற யார்கிட்டல்லாம் இதக் கேட்டிருக்காங்க?" என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும். அடுத்த வகுப்பை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கப் போகிறேன்.