பின்சீட்டுக்கு எதற்கு 230 வோல்ட்?

திருச்செங்கோடு போர்வெல் ரிக் வண்டிகளின் ஊர். ரிக்கோடு மாதக்கணக்கில் வெளிமாநிலங்களில் தங்குகிறவர்களுக்கு வண்டியில் ஒரு இன்வெர்ட்டர் இருந்தால் பெரிய உதவி. அதைப் பார்த்தே, குழந்தைகளோடு காரில் கிளம்புகிறவர்களும் டேப்லெட் ஓட்ட இன்வெர்ட்டர் கேட்டுக் கடைக்குப் போகிறார்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் 150 வாட் இன்வெர்ட்டர் ஒன்றையும், 45 வாட் டைப்-சி கார் சார்ஜர் ஒன்றையும் எங்கள் காரில் மாற்றி மாற்றிப் போட்டு சேலம், கொல்லிமலைப் பக்கம் ஓட்டிப் பார்த்தேன். டேப்லெட்டுக்கும் போனுக்கும் சார்ஜரே போதும். குழந்தைகள் உட்காரும் இடத்தில் இன்வெர்ட்டர் வைப்பதை நான் ஏற்கவே மாட்டேன்.

காரணம் எளிது. இன்வெர்ட்டர் 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக ஏற்றுகிறது. வீட்டு அடாப்டர் அதை மறுபடி 5 அல்லது 9 வோல்ட்டுக்கு இறக்குகிறது. இந்த ஏற்ற இறக்கத்தில் மின்சாரம் சூடாக வீணாகிறது. அந்தச் சூட்டைத் தள்ளும் குட்டி ஃபேனின் சத்தம் ஏசி சத்தத்தையும் மீறிக் கேட்டது. அதைவிட எரிச்சல், திரை. சார்ஜில் இருக்கும்போது ஒரு படத்தைத் தொட்டால் பக்கத்துப் படம் திறந்தது. சில நேரம் யாரும் தொடாமலே திரை நகர்ந்தது. ஒயரைக் கழற்றியதும் சரியானது. விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் சீரான அலையாக இல்லாமல் படிக்கட்டு போன்ற அலையாக மின்சாரம் தருகின்றன. அந்த இரைச்சல் அடாப்டர் வழியாகத் தொடுதிரை வரை வந்துவிடுகிறது. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும், அதில் இருந்த சாக்கெட்டுக்கு உள்மூடி இல்லை. ஊக்கையோ ஸ்பூனையோ விட்டுப் பார்க்கும் வயதுக் குழந்தையின் கைக்கெட்டும் தூரத்தில் முழு 230 வோல்ட்!

டைப்-சி சார்ஜரில் அந்த ஆபத்து இல்லை. பேட்டரியின் 12 வோல்ட்டை நேராகவே மாற்றிக்கொள்கிறது. டேப்லெட் கேட்கும் வோல்டேஜை அதனிடமே பேசித் தெரிந்துகொண்டு தருகிறது. டேப்லெட்டுக்குப் பெரும்பாலும் 15, 20 வாட்தான் தேவை. கார் சாக்கெட் பொதுவாகத் தாங்குவது 120 வாட், அதாவது 10 ஆம்பியர். எனவே இரண்டு டேப்லெட், ஒரு போன் என்றாலும் சாக்கெட் தாராளமாகத் தாங்கும். பழைய 5 வாட் சார்ஜரோடு இதை ஒப்பிட வேண்டாம். அதில் படம் ஓட ஓடச் சார்ஜ் இறங்கிக்கொண்டேதான் போகும். வாங்கும்போது 12–24 வோல்ட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். லாரியும் ரிக்கும் 24 வோல்ட் என்பதால் அங்கேயும் பயன்படும். இன்வெர்ட்டர் அப்படியல்ல. 12 வோல்ட் இன்வெர்ட்டரை லாரியில் செருகினால் கருகிப்போகலாம்.

குறை என்றால் ஒயர்தான். கூடவே வரும் ஒரு மீட்டர் ஒயர் பின்சீட்டுக்கு எட்டாமல் கியர் பக்கத்தில் தொங்குகிறது. இரண்டு மீட்டர் ஒயர் தனியாக வாங்கி, சீட்டின் ஓரமாகக் கொண்டுபோங்கள். பின்னால் தனி சாக்கெட் வேண்டும் என்றால் நல்ல எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். பேட்டரி பாசிட்டிவ் பக்கத்திலேயே பியூஸ் வர வேண்டும். சாவியை அணைத்தால் சாக்கெட்டும் அணையும்படி ரிலே வைக்க வேண்டும். இருக்கிற ஒயரைச் சீவி, டேப் சுற்றி இணைப்பு எடுக்கிறேன் என்று அவர் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

சேலம் ரோட்டில் படம் பார்த்துக்கொண்டே வரும் பிள்ளைக்குக் கொல்லிமலையில் அது ஆகாது. காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். கண் அசையாத திரையில் இருக்க, உள்காது ஒவ்வொரு திருப்பத்தையும் உணர்கிறது. இரண்டும் ஒத்துப்போகாமல் வாந்தி வருகிறது. அடிவாரத்திலேயே டேப்லெட்டை வாங்கி வைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். படம் பார்ப்பதற்காக பெல்ட்டைக் கழற்ற விடாதீர்கள். 14 வயதுக்குட்பட்ட குழந்தை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் இருந்தால் ஓட்டுபவருக்கு 1,000 ரூபாய் அபராதம் என்கிறது 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம்.

பவர்பேங்க்கும் நல்ல துணைதான், வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிட்டு இறங்காதவரை. லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. நம் ஊர் சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றிய கார் அதைச் சீக்கிரமே தாண்டிவிடும்.

குழந்தைக்கு நெபுலைசர் தேவைப்படும் வீடுகளுக்குக் கணக்கு வேறு. கம்ப்ரஸர் நெபுலைசர் 100 வாட்டுக்கு மேலும் இழுக்கலாம், அந்தப் படிக்கட்டு அலையில் அதன் மோட்டார் சூடாகிவிடும். அதற்குச் சீரான அலை தரும் ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டர் வேண்டும், அதையும் சாக்கெட்டில் செருகாமல் பேட்டரியிலிருந்து பியூஸோடு தனி ஒயர் இழுத்து, முன்பக்கம் பெரியவர் கையில் வைக்க வேண்டும். யுஎஸ்பியில் ஓடும் மெஷ் நெபுலைசர் போதுமா என்று டாக்டரிடம் முதலில் கேளுங்கள். போதும் என்றால் மேலே சொன்ன சார்ஜரிலேயே அதுவும் ஓடும்.