தீராத வலியில் பாடிய பதிகம்

வயிற்றுவலி தீர ஒரு பதிகம், கல்யாணம் கைகூட ஒரு பதிகம், கடன் அடைய ஒரு பதிகம் என்று பட்டியல் போட்ட சிறு புத்தகங்கள் நம்மில் பலர் வீட்டுப் பூஜை அலமாரியில் இருக்கின்றன. ஊரை விட்டு வந்த குடும்பங்களில் பிள்ளைகளுக்குத் தேவாரம் அறிமுகமாவதே பல சமயம் இவற்றின் வழியாகத்தான். அதில் தப்பில்லை. ஆனால் வயிற்றுவலிக்கென்று அச்சிடப்படும் அந்தப் பதிகத்தை முழுக்கப் படித்துப் பாருங்கள். வலி தீர்ந்தது என்ற சேதியே அதில் கிடையாது.

நான்காம் திருமுறையின் முதல் பதிகம் அது. கெடிலக் கரையில் திருவதிகை வீரட்டானத்தில் அப்பர் பாடியது. சமணத்தில் தருமசேனராக இருந்தவர் சூலை நோயால் துடித்து, இரவோடிரவாகத் தமக்கை திலகவதியாரிடம் வந்தார், அவர் நீறு தந்து கோயிலுக்கு அழைத்துப் போனார், பாடினார், நோய் நீங்கியது - இது நமக்குத் தெரிந்த கதை. நமக்கு இதை விரித்துச் சொன்னவர் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார். அப்பரோ ஏழாம் நூற்றாண்டு. ஏறக்குறைய 500 ஆண்டு இடைவெளி. தம்மை இங்கே கொண்டுவந்து சேர்த்த சூலைக்கே கைம்மாறு என்ன செய்வேன் என்று அப்பர் நெகிழ்வதாகவும் சேக்கிழார் பாடுகிறார். அழகான இடம்தான். ஆனால் அது புண் ஆறிய பிறகு பேசுகிற பேச்சு.

பதிகம் பேசுவது புண் ஆறுவதற்கு முன்னால். நான்காம் பாட்டில் அப்பர் வாதாடுகிறார்: முன்னே அறியாமல் இருந்தேன், சரி, இப்போதுதான் உமக்கு ஆளாகிவிட்டேனே, அப்புறமும் ஏன் சுடுகிறது? வந்து அடைந்தவர் துயரைத் தீர்ப்பது பெரியவர்களின் கடமை இல்லையா? ஐந்தாம் பாட்டில் இன்னும் கடுமை. கரையில் நிற்பவர்கள் 'நீயே பார்த்துக்கொள்' என்று சொல்லி ஆழமான குளத்தில் தள்ளிவிட, கால் ஊன்றும் துறை எங்கே என்று தெரியாமல் தவிக்கிறவனின் நிலை. கஷ்டகாலத்தில் மனிதன் எப்படி உணர்கிறான் என்பதற்கு இதைவிடச் சரியான படம் தேவாரத்தில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த பாட்டில்தான் சிக்கல். பூவும் நீரும் தூபமும் மறந்ததில்லை, தமிழோடு இசை பாட மறந்ததில்லை, நல்லதிலும் கெட்டதிலும் உன்னை மறந்ததில்லை என்கிறார். இத்தனை காலம் சமணராக இருந்தவர் இப்படிச் சொல்லலாமா? இதற்குப் பலவிதமாகச் சமாதானம் சொல்வதுண்டு. எனக்கு அந்தச் சமாதானங்கள் தேவைப்படவில்லை. 'அறியாமல் இருந்தேன்' என்றவரே இரண்டு பாட்டு தள்ளி 'மறந்ததே இல்லை' என்கிறார் என்றால், வலியில் இருப்பவன் கணக்கு எழுதுவதில்லை என்றுதான் அர்த்தம். நம்ம பாட்டிமார் சாமி படத்துக்கு முன்னால் நின்று "உனக்கு நான் என்ன குறை வச்சேன்?" என்று கேட்பார்களே, அந்தக் குரல்தான் இது. அதற்குச் சாட்சி தேடிப் போகக் கூடாது.

பத்தாம் பாட்டுக்கு வந்தும் வியர்த்து, புரண்டு, விழுந்து எழுகிறார். மலையின் கீழ் நசுக்கிய இராவணனுக்கே பிறகு அருளினாயே, அதை நினைத்துப் பார்க்க மாட்டாயா என்று கேட்கிறார். அவ்வளவுதான், பதிகம் முடிந்துவிடுகிறது. சம்பந்தர் தம் பதிகங்களைத் தம் பெயரைச் சொல்லி, பாடுவோர்க்கு இன்ன பலன் என்று உறுதி கூறி முடிப்பார். அப்பர் இங்கே எந்தப் பலனும் சொல்லவில்லை. பலனைச் சேர்த்தது நாம்.

சேர்த்ததால் என்ன கெட்டது என்று கேட்கலாம். ஒரு மண்டலம் பாடியும் நோய் தீராதவரிடம், "உனக்கு நம்பிக்கை போதல" என்று உறவுக்காரர்கள் கூசாமல் சொல்லிவிடுகிறார்கள். கரையில் நின்று பேசும் அந்தக் குரல் ஐந்தாம் பாட்டிலேயே இருக்கிறது. அவஸ்தைப்படுகிறவரோ, வலி குறையாமலே பத்துப் பாட்டும் பாடிய அப்பரின் பக்கத்தில் இருக்கிறார்.

கூட்டு வழிபாடுகளில் நேரமில்லை என்று முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் மட்டும் பாடி நிறுத்துவதுண்டு. ஐந்தாவதையும் சேர்த்துக்கொள்ளலாம். ரெண்டு நிமிஷம்கூடக் கூடுதலாக ஆகாது.