கீட்ஸ் இருமுறை கைவிட்ட காவியம்

விமர்சகர்களின் வசைதான் ஜான் கீட்ஸைக் கொன்றது என்றொரு கதை நெடுங்காலம் உலவியது. சமகாலக் கவிஞர்களில் ஷெல்லி அதை நம்பினார், பைரன் கிண்டலடித்தார். அவருடைய ‘ஹைப்பீரியன்’ காவியம் பாதியில் நின்றதற்கும் 1820 தொகுப்பின் முன்குறிப்பில் பதிப்பாளர்கள் அதே காரணத்தைத்தான் சொன்னார்கள்: முந்தைய நீள்கவிதை ‘எண்டிமியன்’ பெற்ற வரவேற்பு கவிஞரைச் சோர்வடையச் செய்துவிட்டதாம். தெரிந்தவர் ஒருவருக்குக் கொடுத்த பிரதியில் கீட்ஸ் அந்தக் குறிப்பு முழுவதையும் அடித்துவிட்டு, கடைசி வாக்கியத்தின் கீழே அது பொய் என்று தன் கையாலேயே எழுதினார்.

கோபம் நியாயமானது. வசைகள் அச்சேறியது 1818 ஆகஸ்ட், செப்டம்பரில். அவர் காவியத்தில் இறங்கியதே அதையடுத்து வந்த இலையுதிர்காலத்தில்தான். அப்போது காசநோயால் சாகக் கிடந்த தம்பி டாமுக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தார். கைஸ் மருத்துவமனையில் பயின்று, 1816-இல் மருந்தாளராக உரிமம் பெற்றவருக்கு அந்த நோயின் போக்கு புரியாமலிருந்திருக்காது. டிசம்பர் 1 அன்று டாம் இறந்தான்.

போர் முடிந்த பிறகு தொடங்குகிறது காவியம். பழைய தெய்வங்களான டைட்டன்கள் புதிய தெய்வங்களிடம் தோற்றுவிட்டார்கள். ஆட்சியிழந்த சாட்டர்ன் ஒரு பள்ளத்தாக்கில் அசைவற்று உட்கார்ந்திருக்கிறான்; சூரியனை ஆளும் ஹைப்பீரியன் மட்டும் இன்னும் விழவில்லை. இரண்டாம் காண்டத்தில் கடல்தேவன் ஓஷனஸ் எழுந்து, அழகில் மிக்கவர்களுக்கு இடம்விடுவதே இயற்கை என்று வாதிடுகிறான். சிக்கல் அங்கேதான். வாதம் முடிந்துவிட்டது; கதைக்கு மிச்சம் என்ன? மூன்றாம் காண்டத்தில், ஹைப்பீரியனின் இடத்துக்கு வரவேண்டிய அப்போலோ வந்ததும் நடை தளர்ந்து, பழைய ‘எண்டிமியன்’ தித்திப்பு எட்டிப் பார்க்கிறது. 136-ஆம் அடியில், அப்போலோ கடவுளாகும் கணத்தில், ஒற்றைச் சொல்லோடு கவிதை அறுந்துபோகிறது.

1819 ஏப்ரலுக்குள் அதை ஒதுக்கிவிட்டார். அவருடைய புகழ்பெற்ற ‘ஓட்’ (ode) கவிதைகளில் பெரும்பாலானவை அடுத்த சில வாரங்களில் பிறந்தன. கோடையில் மறுபடி தொட்டார். இம்முறை ‘ஹைப்பீரியனின் வீழ்ச்சி’ என்ற பெயரில், கவிஞனே காணும் கனவாக. அதில் மொனேட்டா என்ற தெய்வம் அவனை நேருக்கு நேர் கேட்கிறாள்: கனவு காண்பவனால் உலகுக்கு என்ன பயன்? இளைஞன் ஒருவன் தன்னைத்தானே நிறுத்திக் கேட்கும் இந்த விசாரணைக்கு முன்னால் முதல் வடிவத்தின் கம்பீரம் சற்று வெளிறித்தான் தெரிகிறது.

அதுவும் இரண்டாம் காண்டத்தில் 61 அடிகளோடு நின்றது. செப்டம்பர் 21 அன்று வின்செஸ்டரிலிருந்து நண்பர் ரெனால்ட்ஸுக்கு எழுதிய கடிதத்தில் காரணம் இருக்கிறது: காவியக் கவிஞர் மில்டனின் வாக்கிய முறுக்கல்கள் அளவுக்கு மீறி ஏறிவிட்டன. அதற்கு இரண்டு நாள் முன்புதான், முறுக்கல் எதுவுமில்லாத ‘இலையுதிர்காலத்துக்கு’ எழுதி முடித்திருந்தார். தன் குரல் எது என்று தெரிந்துகொண்டவர் இரவல் குரலைத் திருப்பிக் கொடுத்தார், அவ்வளவுதான். நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது 1820 பிப்ரவரியில். ஓராண்டு கழித்து ரோமில், 25 வயதில் இறந்தார்.

முதல் வடிவத்தை பைரனும் ஷெல்லியும் அப்போதே போற்றினர். இரண்டாவது 1856-இல்தான், கீட்ஸின் வரலாற்றை எழுதிய மில்ன்ஸ் வழியாக, வெளியுலகுக்கு வந்தது. எது முந்தியது என்ற குழப்பம் அதன்பின் நெடுநாள் நீடித்தது. டான் சிம்மன்ஸ் தம் அறிவியல் புனைவு நாவல்களுக்கு இந்த இரு தலைப்புகளையும் எடுத்துக்கொண்டது வேறு கதை. புதிதாகப் படிக்க வருபவர் ‘வீழ்ச்சி’யில், மொனேட்டா முகத்திரையை விலக்கும் இடத்திலிருந்து தொடங்கலாம்.