'படம் எப்படி இருக்கு?': சாதாரணப் பார்வையாளரின் பதில்கள் குறித்துச் சில குறிப்புகள்

படம் பார்த்துவிட்டு வருகிறவரிடம் 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இரண்டு மூன்று சொற்களைத் தாண்டுவதில்லை. 'நல்லாருக்கு', 'ஒரு தடவ பாக்கலாம்', 'இழுவை', 'மொக்கை'. தமிழில் சினிமா பற்றி எழுதுகிற நாம் இந்தச் சொற்களை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டதே இல்லை. இயக்குநரின் பிரதி இருக்கிறது, விமர்சகனின் பிரதி இருக்கிறது. டிக்கெட் வாங்கியவரின் வாய்ச்சொல் மட்டும் கொட்டகை வாசலிலேயே காற்றோடு போய்விடுகிறது. அவருக்குப் பதிலாக நாம் வைத்திருப்பது 'வெகுஜனம்' என்கிற ஒரு மொத்தையை. அது எப்போதும் மயங்கும், ஏமாறும், அழும். எம்.ஜி.ஆர். பிம்பம் குறித்து எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எழுதிய நூலைப் படித்தவர்களில் பலர் அதிலிருந்து எடுத்துக்கொண்டது 'சனங்க ஏமாந்துட்டாங்க' என்கிற ஒற்றை வரியைத்தான். கா. சிவத்தம்பி சுட்டிய இன்னொரு பக்கத்தை மறந்துவிட்டோம். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் நிகழ்த்துவெளி சினிமாக் கொட்டகை. கருவறைப் பக்கம் போக முடியாதவரும், கச்சேரி நடக்கும் சபாவுக்கு வழி தெரியாதவரும் அங்கே காசு கொடுத்து உட்கார்ந்தார்கள். தரை டிக்கெட்டாகவே இருக்கட்டும். காசு கொடுத்தவருக்கு அபிப்பிராயம் சொல்லும் உரிமை தானாக வந்து சேர்ந்தது.

அந்த உரிமை அவ்வளவு அற்பமானது இல்லை என்பது முதலாளிகளுக்குத் தெரிந்திருக்கிறது. 2024 நவம்பரில், பெரிய செலவில் எடுத்த சில படங்கள் அடுத்தடுத்து விழுந்த பிறகு, முதல் காட்சி முடிந்து வருகிறவர்களிடம் யூடியூப் சேனல்கள் கருத்துக் கேட்பதைத் திரையரங்க வளாகத்துக்குள் அனுமதிக்கக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் கோரினார்கள். படம் வெளியான முதல் 3 நாட்கள் விமர்சனமே வரக்கூடாது என்று கேட்டு உயர்நீதிமன்றம் வரை போனார்கள்; நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுக்க மறுத்துவிட்டது. காசு வாங்கிக்கொண்டு பாராட்டுகிறவர்களும் திட்டுகிறவர்களும் அந்தக் கூட்டத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் மைக்கைக் கண்டதும் தலையைக் கோதிக்கொண்டு 'செகண்ட் ஆஃப் லேக்' என்று சொல்லிவிட்டுப் போகிற ஒரு பையனுக்கு நூறு கோடி ரூபாய் பயப்படுகிறது. நமது சிறுபத்திரிகைக் கட்டுரை எதற்காவது அப்படி யாராவது பயந்திருக்கிறார்களா?

தமிழ் படித்தவன் என்பதால் இதைச் சொல்லத் தோன்றுகிறது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு சொல்கிறார். இந்த எட்டில் 'கருத்து' இல்லை. உடம்பில் தோன்றுவதுதான் கணக்கு. உரை எழுதும் பேராசிரியர் காண்பவனையும் விட்டுவிடவில்லை. அஞ்சுகிற ஒருவனைப் பார்க்கிறவனுக்கு அதே அச்சம் அப்படியே வந்துவிடுவதில்லை என்கிற சிக்கல் அங்கேயே பேசப்படுகிறது. ஆடுகிறவனிடம் இருப்பது ஒன்று, பார்க்கிறவனிடம் விளைவது வேறொன்று. மேற்கே ஸ்டூவர்ட் ஹால் 1973இல் அனுப்பப்படும் அர்த்தமும் பெறப்படும் அர்த்தமும் ஒன்றல்ல என்று எழுதியபோது, நாம் அதை ஏதோ புதிய பொருள் மாதிரி இறக்குமதி செய்துகொண்டோம். இறக்குமதி தப்பில்லை. வீட்டில் இருப்பதைப் பரணில் போட்டுவிட்டு இறக்குமதி செய்வதுதான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

ஹாலைவிட எனக்கு நெருக்கமாகப் படுகிறவர் இயென் ஆங். 'டல்லஸ்' என்கிற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஐரோப்பாவையே ஆட்டிவைத்த காலத்தில், நெதர்லாந்தின் ஒரு பெண்கள் பத்திரிகையில் சிறு விளம்பரம் கொடுத்தார்: எனக்கு இந்தத் தொடர் பிடிக்கும், மற்றவர்கள் இதற்கு விசித்திரமாக முகம் காட்டுகிறார்கள், உங்களுக்கு ஏன் பிடிக்கிறது அல்லது பிடிக்கவில்லை என்று எழுதுங்கள் என்கிற பொருளில். வந்தது 42 கடிதங்கள். அவற்றை வைத்து எழுதிய நூல்தான் பின்னால் பெரிதாகப் பேசப்பட்டது. அந்தக் கடிதங்களில் அவர் கண்டது இது: தொடரை வெறுப்பவர்கள் தன்னம்பிக்கையோடு எழுதுகிறார்கள். விரும்புகிறவர்களோ தங்கள் விருப்பத்துக்கு ஏதோ சமாதானம் சொல்லவேண்டிய இடத்தில் நிற்கிறார்கள், அல்லது கிண்டலாகப் பார்ப்பதாகச் சொல்லித் தப்பிக்கிறார்கள். தமிழில் இதற்கு ஒரு வாக்கியமே உண்டு: 'நான் சீரியல்லாம் பாக்குறதில்ல, வீட்ல ஓடும், காதுல விழும்.' இதைச் சொல்லாத ஆண் எழுத்தாளர் எத்தனை பேர்? 'சித்தி' 1999இல் தொடங்கியதிலிருந்து கால் நூற்றாண்டாக நம் வீடுகளில் 'ஓடிக்கொண்டிருக்கும்' ஒரு வடிவத்தைப் பற்றி நாம் எழுதியதெல்லாம் வசையும் நக்கலும்தான்.

எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடும் அக்கா முந்தின இரவுத் தொடரை மறுநாள் செல்போனில் போட்டுக்கொண்டு வேலை செய்வார். செல்போன் தண்ணீர்ப் பாட்டில் மேல் சாய்ந்திருக்கும். கண் துணி மேல் இருக்கும். 'எதிர்நீச்சல்' (2022 - 2024) ஓடிய காலத்தில் அவருடன் பேசியவற்றை வைத்துத்தான் இந்தக் கட்டுரையின் பாதி. தொடரில் நடிகர் ஒரே வசனத்தை மூன்று தடவை சொல்வதும், அதிர்ச்சிக்கு மூன்று முகங்களை மாற்றி மாற்றிக் காட்டி 'டொய்ங்' என்று இசை போடுவதும் கலைக் குறைபாடு என்றுதான் நானும் நீங்களும் சொல்வோம். அக்காவின் வண்டி அருகில் நின்று பார்த்தால் அது வேறு மாதிரி தெரிகிறது. கை வேலையாக இருக்கிறவருக்காகச் செய்யப்பட்ட வடிவம் அது. கண்ணை எடுத்தாலும் கதை ஓடக்கூடாது. காதாலேயே பார்க்க வேண்டும். ஓய்வாக உட்கார்ந்து பார்ப்பவரை மனதில் வைத்து உருவான அழகியலால் அதை அளந்துவிட்டு, 'ரசனை இல்லை' என்று தீர்ப்பு எழுதுகிறோம்.

இதே அக்காவுக்கு ஜியோ பேபியின் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' (2021) படத்தைப் பார்க்கக் கொடுத்தேன். மலையாளம்தான், ஆனால் அடுப்படிக்கு மொழி அதிகம் தேவைப்படவில்லை. அந்தப் படம் வந்தபோது நாம் ஆணாதிக்கம், சடங்குத் தூய்மை, 2018 சபரிமலைத் தீர்ப்பு என்று நிறைய எழுதினோம். எல்லாம் சரியாகவே எழுதினோம். அக்கா பிடித்துக்கொண்டது ஒழுகுகிற பைப்பை. 'ஒரு பிளம்பரக் கூப்பிடச் சொல்லி எத்தன நாளா கேக்குறா பாரு தம்பி. அவன் வாத்தியாரு வேற. பள்ளிக்கூடத்துல போயி குடும்பத்தப் பத்தி பாடம் நடத்துறான்.' படத்தின் மொத்த இயக்கத்தையும் அந்த ஒழுகலில் வைத்திருக்கிறார் ஜியோ பேபி. அழுக்குத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து கடைசியில் அப்பன், மகன் மேல் போய் விழுகிறது. இதைக் கண்டுபிடிக்க அக்காவுக்குக் குறியியல் தேவைப்படவில்லை.

ஆனால் முடிவு அவருக்குப் பிடிக்கவில்லை. 'கார் ஓட்டிட்டுப் போயி டான்ஸ் டீச்சர் ஆயிட்டா. நல்லாருக்கட்டும். எனக்கு காரும் தெரியாது டான்ஸும் தெரியாது. நான் எங்க போறது?' அப்புறம் சொன்னார்: 'எதிர்நீச்சல்ல அந்த நாலு பேரும் போகல பாத்தியா. அங்கயே இருந்துக்கிட்டு சமாளிக்கிறாளுக.'

இதை நான் சுலபமாக ஒப்புக்கொள்ளவில்லை, இப்போதும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. வெளியேறுதல் என்பது பெண்ணிய அரசியலின் ஒரு பெரிய படிமம். கதவைச் சாத்திவிட்டுப் போவதை இப்சன் 1879இல் எழுதியதிலிருந்து நாம் அதைக் கொண்டாடி வருகிறோம். தொடரில் படித்த மருமகள்கள் நால்வர் ஆதி குணசேகரன் என்கிற கொடுங்கோலனின் அடுப்படியில் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். குழம்பு கொதிக்கும்போது கிசுகிசுப்பாகத் திட்டம் போடுகிறார்கள், சிரிக்கிறார்கள், மாட்டிக்கொள்கிறார்கள், மறுபடி திட்டம் போடுகிறார்கள். நூற்றுக்கணக்கான அத்தியாயங்களுக்கு இது நீள்வதற்குக் காரணம் விளம்பர வருமானம். அதில் சந்தேகமில்லை. ஆனால் சந்தை தன் காரணத்துக்காக நீட்டிய கதை, போக இடமில்லாதவரின் காலத்தோடு எதேச்சையாகப் பொருந்திப் போகிறது. 100 நிமிடத்தில் வெளியேறுகிற படத்தில் அக்காவின் காலம் இல்லை. தொடரில் அது இருக்கிறது. கூடவே வேறொன்றும் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்: குணசேகரனாக நடித்த மாரிமுத்துவை அக்கா உட்பட எல்லோரும் ரசித்தார்கள். அந்த 'ஏய்' என்கிற அதட்டலைப் பிள்ளைகள் தெருவில் சொல்லித் திரிந்தார்கள். 2023 செப்டம்பரில் அவர் இறந்தபோது துக்கம் நிஜமாக இருந்தது. பிறகு வேல ராமமூர்த்தி அந்தப் பாத்திரத்துக்கு வந்தும் 'பழைய ஆள் மாதிரி இல்ல' என்ற பேச்சு ஓயவில்லை. கொடுங்கோலன் இல்லாமல் தொடருக்கு ருசி இல்லை. வீட்டுக்குள் இருக்கும் அதிகாரத்தைப் பகடியாக்கிப் பார்க்கும் இன்பமும், அந்த அதிகாரத்தின் குரலைத் தானே எடுத்துப் பேசிப்பார்க்கும் இன்பமும் ஒரே உடம்பில் இருக்க முடியும்.

'மனசுல பட்டத சொல்றேன்' என்பதை நாம் உடனே கும்பிட்டுவிடக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று கசப்பானது. மாரி செல்வராஜின் 'மாமன்னன்' 2023 ஜூனில் திரைக்கு வந்தது. ஜூலை இறுதியில் நெட்பிளிக்ஸில் ஏறியதும், பகத் பாசில் நடித்த ரத்தினவேலுவின் காட்சிகளை வெட்டி, அடியில் சாதிப் பெருமைப் பாட்டைப் போட்டு, இளைஞர்கள் பரப்பத் தொடங்கினார்கள். தோற்றுப்போன தன் நாயைத் தானே அடித்துக் கொல்கிறவனாக அறிமுகமாகும் பாத்திரம் அது. என் நண்பனின் தம்பி ஒருவன் அதை ஸ்டேட்டஸில் வைத்திருந்தான். கேட்டேன். 'அண்ணே, படம் சுமார்தான், ஆனா வில்லன் கெத்து. உண்மைய சொல்றேன்.' அவன் உண்மையைத்தான் சொன்னான். பிரதி அவனை எதிரி என்று சொன்ன இடத்தில் அவன் தன் அப்பாவைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், அவர்கள் நடக்கிற நடையைப் பார்த்தான்.

எதிர்த்து வாசித்தல் என்று கோட்பாடு சொல்லும்போது நாம் எப்போதும் ஒடுக்கப்பட்டவர் ஆதிக்கப் பிரதியை எதிர்த்து வாசிப்பதையே கற்பனை செய்கிறோம். ஆதிக்கச் சாதி இளைஞன் தலித் இயக்குநரின் பிரதியை எதிர்த்து வாசிக்கும்போது நம் கோட்பாடு திக்குகிறது. அதே நேரம் பழியை முழுக்க அவன் தலையில் போட்டுவிட்டுப் படத்தை விடுவிக்கவும் முடியாது. ரத்தினவேலுவுக்குக் கிடைத்த நிதானமும் இசையும் நெருக்கமான முகக்காட்சிகளும் உதயநிதியின் அதிவீரனுக்குக் கிடைக்கவில்லை. பன்றி வளர்க்கிற, அடிமுறை கற்பிக்கிற அந்த இளைஞனைவிட நாய் வளர்க்கிறவன் திரையில் அதிகம் வாழ்கிறான். நல்ல அரசியல் உள்ள படம் என்பதால் இதைச் சொல்லாமல் விடுவது தோழமை ஆகாது.

வடிவேலு விஷயம் வேறு. 'தேவர் மக'னின் (1992) இசக்கிதான் இந்த மாமன்னன் என்று பாடல் வெளியீட்டு விழாவில் மாரி செல்வராஜ் சொன்னதை ஒட்டி அப்போது பெரிய சண்டை நடந்தது. அக்காவுக்கு அந்தச் சண்டை எதுவும் தெரியாது. இசக்கி கை வெட்டுப்பட்டது ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான். சட்டமன்ற உறுப்பினரான மனிதர் ரத்தினவேலுவின் முன்னால் நாற்காலி இருந்தும் நிற்கிற காட்சியில் அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டார். 'எங்கப்பா உக்காந்து நான் பாத்தது எங்க வீட்டுல மட்டுந்தான். துணி எடுக்கப் போற வீட்டுலயெல்லாம் நின்னுக்கிட்டேதான் இருப்பாரு. சோறும் நின்னுக்கிட்டே வாங்குவாரு.' படம் எப்படி என்று நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்: 'ரெண்டாவது பாதி இழுவை.' இரண்டும் ஒரே ஆளின் நேர்மையான கருத்து. ஒன்றைச் சமூக ஆவணமாக எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட நமக்கு என்ன உரிமை? இரண்டாவது பாதி இழுவைதான்.

'ஜெய் பீம்' (2021) பற்றி அவர் சொன்னது ஒரே வாக்கியம்: 'அடிக்கிறத அவ்ளோ நேரம் காட்டணுமா?' ஞானவேலின் படம் நிறைய நன்மை செய்தது, இருளர்களின் நிலை பற்றிப் பேச வைத்தது. சந்துரு நடத்திய 1993ஆம் ஆண்டு வழக்கைப் பொதுநினைவுக்குக் கொண்டுவந்தது. ஆனால் அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது. லாக்கப் அடியின் நீளம் யாருக்காக? அடிபடும் சமூகத்துக்கு அது தெரிந்த செய்தி. தெரியாதவர் அழுவதற்காகத் தெரிந்தவர் இன்னொரு முறை அடி வாங்க வேண்டியிருக்கிறது. 'மெய்யழகன்' (2024) பற்றிப் பேச்சே எழவில்லை. அந்தப் படம் வெளியான சில நாட்களில் சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். பார்வையாளரின் பெருமூச்சு கத்தரியாக மாறிய இடம் என்பதால் குறிப்பிடுகிறேன். வெட்டியதில் எனக்குச் சம்மதமில்லை.

கடைசியாக, 2024 ஆகஸ்ட் 23இல் 'வாழை' வந்த அதே நாளில் வெளியான பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'. நம் வட்டாரத்தில் கொண்டாடப்பட்டது. கொட்டகையில் 'படம் முடியவே இல்லயே' என்று எழுந்து போனார்கள். பின்னணி இசை கிடையாது. வேறு சாதிப் பையனை விரும்பிய மீனாவைப் பேய் பிடித்ததாக ஆட்டோவில் ஏற்றிச் சாமியாரிடம் கொண்டு போகிறார்கள். அவள் ஏறக்குறைய ஊமை. இஸ்திரி போட்டுக்கொண்டு இதைப் பார்க்க முடியாது என்று அக்கா சொல்லிவிட்டார். 'கண்ண எடுத்தா ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது.' அதாவது, நாம் கொண்டாடும் மௌனம் வேலையிலிருந்து விடுப்பு எடுத்தால்தான் கேட்கும். ஒடுக்கப்பட்ட பெண்ணைப் பற்றிய படத்தைப் பார்க்க அவருக்கு ஒரு நாள் கூலி செலவாகும். இது வினோத்ராஜின் தவறு என்று நான் சொல்லவில்லை. இசையைப் போட்டிருந்தால் அந்தப் படமே இருந்திருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுக்காமல் பார்த்திருக்கிறார். முடிவைப் பற்றி அவருக்குப் புகார் இல்லை. புகார் நடுவில் இருந்தது. வழியில் ஒரு காளை குறுக்கே நிற்கும், ஆம்பளைகள் எல்லாம் பயந்து ஒதுங்குவார்கள், ஒரு சின்னப் பெண் வந்து அதைச் சாதாரணமாகக் கூட்டிக்கொண்டு போவாள். விமர்சகர்கள் குறியீடு என்று எழுதிய காட்சி.

'அப்பயே எறங்கி ஓடியிருக்கணும் தம்பி. எல்லாவனும் மாட்டத்தான பாத்துக்கிட்டு நின்னான்.'